முதுசமும் கடனும்

குடும்பத்தின் பெயரை மரப்பலகையொன்றிற் பொறித்து, அதன் ஓரங்களிலே பூவும் கொடியுஞ் செதுக்கி, வண்ணந் தீட்டி, வீட்டு வாசலில் மாட்டிவைக்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் மீண்டும் எழுப்பப்படும் வீடுகளில் அதனைக் காண்கின்றோம். கடல்கடந்து சென்று கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறியோர், பிறந்த ஊரின் பெயரையும் பாட்டனாரின் பெயரையும் பலகையில் எழுதிச் சுவரிலே தொங்கவிடுகின்றனர். காசு கொடுத்துக் கடையில் வாங்காமல், தம் கையாலேயே செதுக்கிச் செய்வதிற் சிலர் தனியானதொரு நிறைவு காண்கின்றனர். முன்னோரைக் கனம்பண்ணுகின்றோம் என்பது அவர்கள் கூறுங் காரணம்.

பலகையொன்று செய்வதிலே ஆராய்வதற்கு என்ன இருக்கின்றது என்று வாசகர் வினவலாம். முன்னோரைக் கனம்பண்ணுதல் என்று சொன்ன மாத்திரத்திலேயே, எந்த முன்னோரை, எதன்பொருட்டு என்னும் வினாக்கள் எழுகின்றன. இவற்றிற்கு விடை தேடாமல் எழுதப்படும் பெயர் வெறும் அலங்காரமாகவே நின்றுவிடும். சிலவேளைகளில் அது அலங்காரத்தினுங் கேடான ஒன்றாகவும் ஆகிவிடக்கூடும்.

இவ்விடயத்தில் நம்மிடையே இரு சாரார் உளர். குடும்பப் பெருமை என்பது கேள்விக்கு அப்பாற்பட்டது. அதனைப் பேணுவதே பண்பாடு என்பர் ஒரு சாரார். மறு சாரார், பெரும்பாலும் நம் பக்கத்து நண்பர்கள், இது நிலப்பிரபுத்துவ மனப்பான்மையின் எச்சம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவர். ஆனால் நம் நாட்டின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தவர்கள் அவ்வளவு இலகுவாக ஒதுக்கிவிட இயலாது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசல்களை விட்டு வெளியேறினர். வலிகாமம் வடக்கிலோ அதற்கு முன்பே, 1990 ஆம் ஆண்டிலேயே, பல கிராமங்களின் மக்கள் இடம்பெயர்ந்துவிட்டனர். அவர்களின் காணிகள் நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியிருந்து, பின்னர் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. திரும்பிச் சென்றவர்களிற் பலர் வீட்டைக் காணவில்லை. கிணற்றைக் கொண்டும் எஞ்சி நின்ற மரத்தைக் கொண்டுமே தம் நிலத்தை இனங்கண்டனர். அத்தகைய ஒருவர் தம் படலையிலே பெயரொன்றை எழுதிவைக்க விரும்பினால், அதனை ஏளனஞ் செய்வது மனிதப் பண்பாகுமா? இடித்து நிரவப்பட்ட மண்ணின் மேல் நின்று, நாம் இங்கு வாழ்ந்தோம் என்று கூறும் உரிமை எவருக்கும் உண்டு.

ஆகவே, பெயர் எழுதலாமா கூடாதா என்பது நம் வினாவன்று. பெயரை எழுதுபவன் எதனை ஏற்றுக்கொள்கின்றான் என்பதே வினா.

பாரம்பரியம் என்பதற்கு யாழ்ப்பாண மக்களின் நாவில் முதுசம் என்றொரு சொல் வழங்குகின்றது. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707 ஆம் ஆண்டளவில் எழுத்துருப் பெற்ற தேசவழமை, குடும்பத்தின் சொத்தினை மூவகையாகப் பிரித்தது. முன்னோர்வழி ஆணுக்கு வந்தது முதுசம். மணத்தின்போது பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டது சீதனம். கணவனும் மனைவியும் கூடிவாழுங் காலத்தில் ஈட்டியது தேடியதேட்டம். இவ்வகுப்பினை வழக்கறிஞர் பலரும் அறிவர். அத்துடன் கூறப்பட்ட வேறொரு விதியோ இன்று நினைக்கப்படுவது குறைவு. பெற்றோர் பட்ட கடனைப் புதல்வர் இறுத்தல் வேண்டும். அவ்வேளையில் இறுக்க வசதி இல்லாவிடினும் பொறுப்பு அவர்களைவிட்டு நீங்காது என்பது அப்பழைய விதி. சொத்தைக் கையேற்றுக்கொண்டு கடனை மட்டும் உதறிவிடுதல் நம் முன்னோரின் வழக்கிலேயே ஒப்புக்கொள்ளப்படாத ஒன்று.

பணத்தைக் குறித்துச் சொல்லப்பட்ட இவ்விதியை ஒழுக்கத் துறைக்கு விரித்துப் பார்த்தல் தகும். குடும்பத்தின் பெயரைப் பெருமையோடு ஏற்பவன் அப்பெயர் பட்ட கடன்களையும் ஏற்றல் வேண்டும். இதுவே நாம் இங்கு நிறுவ விரும்புவது. அக்கடன்கள் யாவை என்பதை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலிற் பெயரையே எடுத்துக்கொள்வோம். மேனாட்டாருக்கு இருப்பதுபோல், தலைமுறை தலைமுறையாகத் தொடருங் குடும்பப் பெயர் தமிழரிடையே பொதுவழக்காக இருந்ததில்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தை மகன் தன் பெயருக்கு முன் இடுகின்றான். அவனுடைய மகன் அதனை நீக்கித் தன் தந்தையின் எழுத்தை இடுகின்றான். புலம்பெயர்ந்த நாடுகளிற் குடிவரவுப் படிவங்கள் கேட்டதனாலேயே தந்தையின் பெயரோ பாட்டனின் பெயரோ குடும்பப் பெயராகிவிட்டது. எனவே பலகையிலே குடும்பத்தின் பெயரைப் பொறிக்கப் புகுபவன் உண்மையில் ஒரு தேர்வு செய்கின்றான். பல பெயர்களில் ஒன்றை எடுத்து ஏனையவற்றை விடுகின்றான். விடப்படுவது ஏறத்தாழ எப்போதும் பெண்ணின் பெயராகவே இருக்கின்றது. மணமானதும் அவளுடைய முதலெழுத்து மாறுகின்றது. இரண்டு தலைமுறை சென்றதும் பூட்டியின் பெயரைச் சொல்லக்கூடியவர் வீட்டிலே எவருமிலர்.

இதிலுள்ள முரண்பாட்டை நோக்குங்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றில் வீடு தாய்வழியே வந்தது. தாய்க்குச் சீதனமாகக் கொடுக்கப்பட்ட வீடு அவள் மகளுக்குச் சீதனமாகின்றது. கணவன் அவ்வீட்டுக்கு வந்து குடியேறியவன். அங்ஙனமாயின் படலையிலே பாட்டனார் பெயர் துலங்கும் எத்தனையோ வீடுகள் பாட்டியின் தாய்க்கு உரித்தாயிருந்தவை! அதே வீட்டுக்காக, பெண்ணைப் பெற்ற தந்தை பட்ட கடனும், சீதனங் கொடுக்க வழியின்றி மணமாகாது மூத்துப்போன சகோதரியரின் வாழ்வும் எந்தப் பலகையிலும் இடம்பெறுவதில்லை. பெண்ணுக்குரிய வீட்டின் மேல் ஆணின் பெயரை எழுதும் கை அவளுக்குக் கடன்பட்ட கை.

அடுத்து உழைப்பின் கடன். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படித்தவர்கள் அறிவார்கள். அங்கே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயர் உண்டு. கலட்டி, புலம், வளவு, அடைப்பு என்று முடியும் அப்பெயர்களில் மண்ணின் இயல்பும் மரத்தின் பெயரும் சிலவேளை அங்கு தொழில் செய்தவரின் குறிப்பும் பொதிந்திருக்கின்றன. சில பரப்புக் காணியும் ஒரு கிணறும் குடும்பமொன்றின் மதிப்பாயிற்று. ஆனால் சுண்ணக்கற் பாறையைப் பிளந்து அக்கிணற்றைத் தோண்டியவர் யார்? துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து, புகையிலைக்கு நீர் இறைத்தவர் யார்? திருவிதாங்கூருக்குச் சென்ற யாழ்ப்பாணப் புகையிலை பல குடும்பங்களுக்குச் செல்வத்தைத் தேடித் தந்தது. பின்னர், மலாயாவிலே புகையிரத நிலையங்களிலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்தவர்களின் சம்பளமும் ஓய்வூதியமும் கல்வீடுகளாயின. தேடியதேட்டம் என்று பெருமையோடு சொல்கின்றோம். அதனைத் தேடியோரின் வரிசையிலே துலா மிதித்தவனையும், பனையேறியவனையும், கணவன் மலாயாவில் இருக்க வளவையும் பிள்ளைகளையும் தனித்து நின்று காத்தவளையும் சேர்ப்பதில்லை.

மூன்றாவது கடன் இவற்றினும் பாரமானது. தேசவழமையைத் தொகுத்தபோது பன்னிரு முதலியார்கள் அதனை நோக்கிச் சரியென ஒப்பினர். பெண்ணொருத்தியிடமோ உழுதவனிடமோ கேட்கப்படவில்லை. அந்நூலிலே அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டு. மனிதர் உடைமைகளாகக் கணக்கிடப்பட்டனர். இலங்கையில் அடிமைத்தனம் 1844 ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் குடிமை முறையும் தீண்டாமையும் ஒழிந்தனவா? கோயிலிலும் கிணற்றிலும் தேநீர்க்கடையிலும் மனிதரை விலக்கிவைத்த வழக்கத்திற்கு எதிராக 1957 ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டப் புத்தகத்தில் இருந்த உரிமையை வீதியிலே பெறுவதற்காக, 1966 ஆம் ஆண்டு ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கி மக்கள் ஊர்வலமாய்ச் சென்று பொலிசாரின் தடியடிக்கு ஆளாயினர்.

பழைய யாழ்ப்பாண வீடுகளின் முன்னே சங்கடப்படலை என்றொரு அமைப்பு இருந்தது. கூரை வேய்ந்து, திண்ணை அமைத்து, வழிப்போக்கர் இருந்து இளைப்பாறுவதற்கு வகைசெய்த வாசல் அது. நம் விருந்தோம்பற் பண்புக்குச் சான்றாக அதனைப் பேசுவோர் பலர், பேசுவது நியாயமே. ஆயினும் அத்திண்ணையில் எவர் அமரலாம், எவர் வீதியிலேயே நின்று கையை ஏந்தித் தண்ணீர் குடிக்கவேண்டும் என்னும் வரம்பும் அவ்வாசலிலேயே வகுக்கப்பட்டிருந்தது. அவ்வாசலின் அழகை இன்று பலகையிற் செதுக்கும் பேரன் அந்த வரம்பையும் சேர்த்தே முதுசமாகப் பெற்றிருக்கின்றான். அதனை அவன் இறுக்கவேண்டிய கடனாகக் கொள்வானா, காக்கவேண்டிய சொத்தாகக் கொள்வானா என்பதிலேதான் அவனுடைய ஒழுக்கம் தங்கியுள்ளது.

இனிக் கைவேலையைக் கவனிப்போம். பெயர் எழுதும் விடயத்தில் நம் சமூகத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கோயில் மண்டபத்திலே, தேர்முட்டியிலே, மின்குமிழிலுங்கூட உபயம் என்று எழுதிக் கொடுத்தவரின் பெயரைப் பொறிக்கின்றோம். தேரைச் செய்த தச்சனின் பெயரை எங்கே தேடுவது? வாகனங்களையும் நிலைகளையும் கதவுகளையும் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கியவர்கள் பெயரின்றியே மறைந்தனர். கொழும்பிலே 1877 ஆம் ஆண்டிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இந்நாட்டுக் கைவினைஞரின் வேலையை உலகறியச் செய்தவர். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தமது நூலை 1908 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். பொதுவுடைமைவாதியும் கைவினைஞருமான வில்லியம் மொறிஸ் உபயோகித்த அச்சுப்பொறியிலேயே அதனை அச்சிடுவித்தார். இயந்திர உற்பத்தி தொழிலாளியை அவன் செய்யும் பொருளிலிருந்து பிரித்துவிட்டது என்னும் கருத்து இருவருக்கும் பொதுவானது. அதனை நாமும் ஒப்புகின்றோம். ஆனால் குமாரசுவாமி பரம்பரைத் தொழிலையும் அதனைக் காத்த சாதியமைப்பையும் இலட்சியமாகக் கண்டார். அங்கே அவருடன் நாம் உடன்பட முடியாது. உளியைப் பிடித்த கைக்கு மதிப்புண்டு என்பது ஒன்று. அந்தக் கையினன் பிறப்பினாலேயே உளிக்கு விதிக்கப்பட்டவன் என்பது முற்றிலும் வேறொன்று.

இன்று உத்தியோகத்தர் ஒருவரோ ஆசிரியர் ஒருவரோ விடுமுறை நாளில் உளியை எடுத்துப் பலகை செதுக்கினால் அது பொழுதுபோக்கு. நாட்கூலிக்குச் செதுக்குபவனுக்கு அது அடுப்பெரிய வழி. இந்த வேறுபாட்டை மறந்து, கையாற் செய்தல் என்பதையே ஒரு புனிதமாக்கிவிடலாகாது. ஓய்வு உள்ளவனின் கைவேலையை ஓய்வற்றவனின் கைவேலைக்கு மேலாக வைப்பதும் ஒருவகை உயர்குல மனப்பான்மையே.

அப்படியாயின் கையாற் செய்வதற்குப் பொருளே இல்லையா? உண்டென்பதே எம் கருத்து. கணினியால் இயங்கும் இயந்திரத்திடம் பெயரைக் கொடுத்தால் சிறிது நேரத்தில் வெட்டித் தந்துவிடும். எந்தப் பெயர் என்று அது கேட்பதில்லை. கையாற் செய்பவனுக்கோ நாட்கள் செல்லும். பனைமரத்தை எடுத்தவன், அதன் வெளிப்புறத்துக் கருமையான வைரத்தில் உளி வழுக்குவதையும், நார் குறுக்கே சிலும்பிக் கையிற் சிராய் ஏறுவதையும் அறிவான். ழகரத்தின் வளைவைச் செதுக்கும்போது, ஓலையில் எழுத்தாணியால் எழுதியவருக்கு இலகுவாயிருந்த சுழி மரத்தின் ஓட்டத்தோடு மல்லுக்கு நிற்பதைக் காண்பான். தச்சனின் கூலியைப் பேரம் பேசிக் குறைத்த நாட்கள் அப்போது அவன் நினைவுக்கு வருமாயின் அது நல்ல கல்வி. அதனினும் முக்கியமானது வேறொன்று. எழுத்தை வெட்டுமுன் எதனை எழுதுவது என்று வீட்டிலே கேட்டறிய வேண்டியிருக்கின்றது. அம்மம்மாவின் தாய் பெயர் என்ன? இந்தக் காணி நமக்கு எப்படி வந்தது? கிணறு வெட்டியது யார்? பிள்ளைகளும் முதியோரும் கூடியிருந்து இவ்வினாக்களைக் கேட்கும்போது அது வெறும் மரவேலையாக இராமல் ஒரு விசாரணையாகின்றது. கைவேலையின் நன்மை அந்தத் தாமதத்திலே இருக்கின்றது.

மரம் எங்கிருந்து வந்தது என்பதும் அவ்விசாரணையில் ஒரு வினாவாதல் வேண்டும். பழைய வீடுகளின் நிலைகளிலும் கதவுகளிலும் பனை வளைகளிலுமிருந்து பெயர்ப்பலகை செய்வோர் உண்டு. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள், 70,000 பேருக்கு மேற்பட்டோர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்ட நாளும் ஒக்டோபர் 30 தான். நம் இடப்பெயர்வுக்குச் சரியாக ஐந்து ஆண்டுகள் முந்திய அந்த நாளை நம்மில் எத்தனை பேர் நினைவுகூர்கின்றோம்? அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளின் ஓடுகளும் கதவுகளும் யன்னல்களும் கழற்றப்பட்டு விலைப்பட்டன. அம்மரம் இன்று யார் வீட்டில் இருக்கின்றது என்று எவருஞ் சொல்ல இயலாமற் போகலாம். ஆனால் தன் அழிந்த வீட்டுக்காகப் பலகை செதுக்குபவன், தன் அயலவனின் கதவைக் குறித்துக் கேளாதிருப்பானாயின், அவன் துயரம் பாதித் துயரமே.

வாசலே இல்லாதவர்களைப் பற்றியுஞ் சொல்லவேண்டியுள்ளது. மலையகத்துத் தோட்டங்களிலே பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறைகளில் தலைமுறைகள் பல வாழ்ந்தன. அந்த அறைகளுக்குப் பெயரில்லை. தனிமுகவரியின்றி, தோட்டத்து அலுவலகத்தின் வழியாகவே கடிதங்களைப் பெற்றவர்கள் அவர்கள். தேயிலைப் பெட்டிகளின் மேல் தோட்டத்தின் பெயர் உலகெங்குஞ் சென்றது. கொழுந்து பறித்தவளின் பெயர் பெரட்டுக்களத்துப் பதிவேட்டைத் தாண்டிச் செல்லவில்லை. இத்தகைய மக்களிடம் 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது? இந்நாட்டிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாக வேண்டுமாயின், அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும் என்றது. குடும்ப வரலாற்றை எழுதிவைக்க ஓர் அடிச் சுவரையுங் கொடாத சமுதாயம், அவர்களிடமே குடும்ப வரலாற்றுக்கு அத்தாட்சி கேட்டது! 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்க விடப்பட்டது. அதனால் ஒரே குடும்பத்தினர் கடலுக்கு இருபுறமும் பிரிந்தனர். எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேதான் வந்தது.

இங்கே நம் வினாவின் இன்னொரு பக்கம் தெரிகின்றது. ஒருவன் தன் பெயரைப் பலகையில் எழுதுவது ஆதிக்கமாகலாம். இன்னொருவன் எழுதுவது நீதியாகலாம். லயத்தைவிட்டுத் தனக்கென ஒரு துண்டு நிலமும் வீடும் பெற்ற தோட்டத் தொழிலாளி, தன் தாயின் பெயரை வாசலிலே எழுதுவாளாயின், அதில் எந்த நிலப்பிரபுத்துவமும் இல்லை. கணக்கிலே இலக்கமாக இருந்தவள் மனிதப் பெயரோடு வீதியைப் பார்க்கின்றாள். எழுத்தும் மரமும் ஒன்றாயிருந்தும் பொருள் வேறாவது, எழுதுவோர் வரலாற்றில் நின்ற இடம் வேறாதலாலேயாம்.

இவ்வளவையும் கேட்ட அன்பர் ஒருவர் சலிப்படையக்கூடும். 'வீட்டு வாசலிலே குற்றப் பத்திரிகையா தொங்கவிடச் சொல்கின்றீர்? மனிதன் தன் பாட்டனாரை அன்போடு நினைக்கவும் கூடாதா?' என்று அவர் கேட்டால் அக்கேள்வி நேர்மையானதே. பாட்டனார் பலர் தம் காலத்தின் வரம்புக்குள்ளே நல்லவர்களாக வாழ்ந்தனர். தாம் பசித்திருந்து பிள்ளைகளைப் படிப்பித்தனர். அவர்களை நேசிப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆனால் நேசிக்கப்படுபவரின் கடனை இறுத்தல் அவருக்குச் செய்யும் அவமானமா? கிராமத்திலே தந்தையின் கடனைக் கொடுத்துத் தீர்த்த மகனைப் பார்த்து, தந்தையின் பெயரைக் காப்பாற்றினான் என்றுதான் ஊர் சொல்லும். கடனை மறைத்தவனை அவ்வாறு சொல்வதில்லை.

கடனை இறுப்பது பலகையில் எழுதும் வாசகத்தால் மட்டும் ஆகக்கூடியதன்று. எனினும் பலகையிலிருந்து தொடங்கலாம். பாட்டனாரின் பெயரோடு பாட்டியின் பெயரையும் எழுதலாம். குலத்தைக் குறிக்கும் பட்டங்களை விடுத்து, காணியின் பழம்பெயரை எழுதலாம். அது எல்லோரும் உழைத்த மண்ணின் பெயர். தச்சர் ஒருவர் செய்து தந்ததாயின் அவர் பெயரைக் கீழ் மூலையிற் பொறிக்கலாம். கூலியைக் குறைக்காமற் கொடுக்கலாம். ஓரத்தை அலங்கரிக்கத் தாமரைதான் வேண்டுமென்பதில்லை. துலாவையும் பட்டையையும் கொழுந்துக் கூடையையும் செதுக்கினால் மரம் மறுத்துவிடாது. மகளுக்குச் சீதனமென்னும் விலையின்றி வீட்டிலே பங்கு கொடுப்பவன், அயலிலே நின்றோரைத் தன் கிணற்றடிக்கும் பந்திக்கும் அழைப்பவன், திரும்பி வரும் முஸ்லிம் அயலவனின் காணிக்குச் சாட்சி சொல்பவன், பலகையில் எழுதியதைத் தன் வாழ்விலும் எழுதுகின்றான்.

ஆசிரியர்களுக்கு இவ்விடயத்திலே விசேட பொறுப்புண்டு. வகுப்பறையில் மாணவரைக் குடும்ப மரம் வரையச் சொல்கின்றோம். கைவேலைப் பாடத்திலே பெயர்ப்பலகை செய்யச் சொல்கின்றோம். செய்து முடித்த பலகைக்குப் புள்ளியிடுமுன் ஒரு வினாவையேனும் கேட்போமாக: உன் குடும்பம் யாருக்குக் கடன்பட்டது? முதலிலே பிள்ளைகள் திகைப்பர். வீட்டுக்குச் சென்று கேட்பர். சில வீடுகளில் மௌனமும் சில வீடுகளிற் கோபமும் விடையாக வரக்கூடும். வேறு சில வீடுகளில், பல ஆண்டுகளாக எவருங் கேட்காதிருந்த பெயரொன்றை ஒரு கிழவி சொல்லத் தொடங்குவாள். பலகையில் அதற்கும் சிறிது இடம் விட்டுவைக்கும்படி மாணவர்க்குச் சொல்வது நம் கடமை.